பதினொரு மாசம்

என் அக்கா புருஷனுக்குப் பேருந்து கம்பெனியில் "பதினொரு மாசம்" என்று பட்டப்பெயர். ஓட்டுநர்கள் வைத்தது. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார், பெருமையாகத்தான் பார்ப்பார்.

காரணம் அவர் சொல்லும் ஒரு கதை. அவர் அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட கதை. அக்காவுக்கு அப்போது இருபது வயது, டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். இவர் பார்க்கிறார். மறுநாளிலிருந்து பின்னாலேயே போகிறார். பதினொரு மாதம், ஒரு நாள் தவறாமல். காய்ச்சலோடு போனார். கொட்டுகிற மழையில் குடை இல்லாமல் வகுப்பு வாசலில் நின்றார். அவள் கடிதத்தைக் கிழித்துப் போட்டாள்; இவர் துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டி, மறுபடியும் கொடுத்தார். ஒன்பதாம் மாதம் அவள் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். இந்த இடத்தில் தண்ணீர் குடிப்பார். "மனசு கலைஞ்சிடுச்சு. என்னை நினைச்சுக்கிட்டே எப்படி டைப் அடிப்பா?" என்பார். பதினோராம் மாதம் கல்யாணம் முடிவானது. "விடாம நின்னேன், கிடைச்சா. அவ்வளவுதான் விஷயம்" என்று முடிப்பார்.

கல்யாண வீடுகளில் சொல்வார், ஓய்வு பெறுகிறவர்களின் விருந்தில் சொல்வார். பல் டாக்டரிடமும் சொல்லியிருக்கிறார். டாக்டரின் விரல்கள் அப்போது இவர் வாய்க்குள் இருந்தன. மழைக் கட்டம் வந்ததும் கையை ஆட்டி டாக்டரை நிறுத்தச் சொன்னாராம். போன வருடக் கடைசியில் மகளின் ஆபீஸில் நடந்த குடும்ப விழாவில் மைக் பிடித்தே சொன்னார். பின்வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று கைதட்டினான் என்று ஒரு வாரம் வீட்டில் அதே பேச்சு.

அவர் கதையை ஆரம்பித்தால் அக்காவுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

இதைக் கேட்டு அத்தானைத் தப்பாக நினைத்துவிட வேண்டாம். குரல் உயர்த்தாத மனிதர். அக்காவுக்கு மூட்டு வலி வந்த நாளிலிருந்து வீடு துடைப்பது அவர்தான், மூலைகூட விடாமல் துடைப்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். பிடிக்காதவர்களைப் பற்றி எழுத எனக்கு நேரமில்லை. நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு அறுபது பேரைக் குத்த வேண்டும். குடியிருப்பது அவர்கள் வீட்டுக்கு மேல் மாடி.

அத்தான் இருபத்திரண்டு வருடம் டிப்போவில் வண்டி சோதனை பார்த்தவர். வண்டி கிளம்பும் முன் பிரேக், டயர், வைப்பர் எல்லாம் பார்த்து ஒரு தாளில் எழுத வேண்டும். என்ன பழுது, எந்த இடம், என்ன நடவடிக்கை. கீழே இரண்டு கையெழுத்து: சோதித்தவர், உறுதி செய்தவர். வண்டியை ஓட்டி வந்த ஓட்டுநர் அதில் கையெழுத்துப் போடவே கூடாது. அத்தான் இதை எனக்குப் பலமுறை விளக்கியிருக்கிறார். "பிரேக் ஒரு பக்கமா இழுக்கும் பாப்பா. ஆனா ஓட்டிப் பழகினவனுக்கு அது தெரியாது. அவன் கை தானா ஸ்டியரிங்கைத் திருப்பிச் சரிக்கட்டிக்கும். கேட்டா, வண்டி நேராத்தான் போகுதும்பான். பொய் சொல்லல. அவனுக்கு நிஜமாவே நேராத்தான் போகும்."

எனக்கு நாற்பத்து மூன்று வயது ஆகிறது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

முதுகு போன பிறகு கம்பெனி அவரைப் படப் பிரிவுக்கு மாற்றியது. பிரிவு என்றால் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. தொலைதூரம் போகும் அறுபத்து நான்கு பேருந்துகளிலும் டிவி இருக்கிறது. அவற்றில் ஓட வேண்டிய படங்களைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பது வேலை. அத்தான் தன் இளமைக்காலப் படங்களாகவே ஏற்றினார். தொண்ணூறுகளில் வெளிவந்து நூறு நாள், இருநூறு நாள் ஓடியவை. பார்த்த படம் ஓடினால்தான் பயணிகள் நிம்மதியாகத் தூங்குவார்கள் என்பது அவர் கொள்கை. பத்து வருடம் எல்லோரும் தூங்கினார்கள்.

பிறகு பதினான்காம் இருக்கையில் ஒரு பெண் தூங்காமல் வந்தார். எட்டு மணி நேரம். இறங்கியதும் புகார் எழுதிக் கொடுத்தார். "படத்தில் அந்தப் பெண் வேண்டாம் என்று ஆறு முறை சொல்கிறாள். ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று என் மகள் கேட்கிறாள். அவளுக்குப் பத்து வயது. பதிலை உங்கள் கம்பெனி எழுதி அனுப்பவும்."

மேலாளர் அத்தானைக் கூப்பிட்டு, அந்தக் காலத்துப் படங்கள் மொத்தத்தையும் சோதிக்கச் சொன்னார். நூற்றுப் பன்னிரண்டு படம். எப்படிச் சோதிப்பது என்று அவருக்கே தெரியவில்லை. அத்தானுக்குத் தெரிந்தது ஒரே முறைதான். வண்டி சோதனைத் தாளையே கொண்டுபோய் வைத்தார். "இடம்" என்ற கட்டத்தை மட்டும் அடித்துவிட்டு "நிமிடம்" என்று எழுதியிருந்தார். மேலாளருக்குப் பிடித்துவிட்டது.

"உறுதி செய்றவங்க வெளி ஆளா இருக்கட்டும் சார். லேடீஸா இருந்தா நல்லது" என்றார் அத்தான்.

அத்தான் முதலில் அக்காவைக் கேட்டார். அக்கா, "எனக்கு வேலை இருக்கு" என்றாள். அந்தப் படங்களை அவள் இருபத்தொன்பது வருடமாக அவரோடு உட்கார்ந்து பார்த்ததில்லை. அவளுக்குச் சினிமாவே பிடிக்காது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். அடுத்து மாடி ஏறி வந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியங்களை நான் கொடுத்தேன்.

அதற்கு முந்தைய வாரம்தான் அக்கா மகள் என்னிடம் வந்திருந்தாள். அவளுக்கு இருபத்து நாலு வயது, ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. கட்டிலில் உட்கார்ந்து தலையணை உறையின் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். ஆபீஸில் ஒருவன். மூன்று மாதமாக. அவள் ஏறும் பேருந்தில் ஏறுகிறான், இறங்கும் இடத்தில் இறங்குகிறான். மேஜையில் பூ வைக்கிறான். போன் செய்கிறான், எடுத்தால் பேசுவதில்லை. பிடிக்கவில்லை என்று மூன்று முறை சொல்லியாகிவிட்டது. "பரவாயில்ல, வெயிட் பண்றேன்" என்கிறானாம்.

"ரிசைன் பண்ணப் போறேன் சித்தி. லெட்டர் எழுதிட்டேன். அடுத்த மாசக் கடைசியில குடுத்துடுவேன். வேற ஊர்ல தேடிக்கறேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பாவுக்கு?"

"அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. கதை சொல்ல ஆரம்பிச்சிடுவாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது. அந்த வேலைக்காக அவள் எத்தனை பரீட்சை எழுதினாள் என்று எனக்குத் தெரியும்.

முதல் ஞாயிறு, கல்லூரிப் படம். கதாநாயகிக்குத் திமிர் என்று படத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். என்ன திமிர் என்றால், அவள் படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டரை மணி நேரத்தில் அதைச் சரி செய்துவிடுகிறார்கள். படம் முடிந்ததும் அத்தான் தாளை நீட்டினார். "பழுது இல்லை. கடைசி ரீல் சற்று இருட்டு" என்று எழுதியிருந்தது.

நான் கையெழுத்துப் போடவில்லை.

"பதினாலாவது நிமிஷம் அவ என்ன சொன்னா அத்தான்?"

"பின்னால வராதேன்னா."

"எழுதுங்க. இருபத்திரண்டாவது நிமிஷம்?"

"அதேதான்."

"எழுதுங்க."

"அது விளையாட்டுக்குப் பாப்பா. கடைசியில சரின்னுட்டாளே."

"இருநூறு கிலோமீட்டர் பிடிக்காத பிரேக், ஊர் எல்லையில பிடிச்சா எழுத மாட்டீங்களா?"

அவர் கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்தார். பிறகு எழுதினார். தொழிலில் நேர்மையானவர், பழுது என்று தெரிந்துவிட்டால் எழுதாமல் இருக்க அவரால் முடியாது.

அடுத்தடுத்த வாரங்களில், பாட்டையும் சண்டையையும் ஓட்டிவிட்டு ஒரு மதியத்துக்கு நாலு படம் என்று தாள்கள் நிறைந்தன. ஒரு படத்தில் கதாநாயகன் அறைந்த உடனே கதாநாயகிக்குக் காதல் வந்துவிடுகிறது. அடுத்த நொடி பனிமலையில் பாட்டு. கன்னத்தில் வைத்த கையை எடுக்காமலே மலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். இன்னொன்றில் கதாநாயகி டாக்டர். கடைசிக் காட்சியில் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மாமியார் கையில் கொடுக்கிறாள், மாமியார் கரண்டியைக் கொடுக்கிறாள், எல்லோரும் கண் கலங்குகிறார்கள். ஒரு நகைச்சுவைப் படத்தில் குண்டான அம்மா ஒருவர் தடுக்கி விழுவது மட்டும் ஒன்பது முறை. அத்தான் ஒவ்வொன்றுக்கும் நிமிடம் போட்டார். எப்போதும் சிரிக்கிற இடங்களில் முதலில் சிரித்துவிட்டு, பிறகு எழுதினார். ஐந்தாறு படம் தாண்டியதும் சிரிக்காமலே எழுதினார்.

பதினேழாவது படத்தில் ஒரு தங்கை வந்தாள். கதாநாயகியின் தங்கை, இரட்டைச் சடை. கதாநாயகன் அவளுக்குச் சாக்லேட் கொடுக்கிறான். அவள், அக்கா எத்தனை மணிக்கு எந்த வழியாகப் போவாள் என்று சொல்லிவிட்டுக் கண்ணடிக்கிறாள். தியேட்டரில் இதற்குக் கைதட்டல் விழுந்திருக்கும்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்காவுக்குத் துணையாக வகுப்புக்குப் போனவள் நான். வயது பதிமூன்று. ஆறு மணி வகுப்பை ஏழு மணிக்கு அவள் மாற்றியதை அத்தானிடம் சொன்னது நான். பின்தெரு வழியாகப் போக ஆரம்பித்ததைச் சொன்னதும் நான். வாரத்துக்கு மூன்று சாக்லேட், உலர்ந்த பழம் போட்டது. இத்தனை வருடம் அத்தான் கதையைக் கேட்டு முகம் சுளித்த நான், அதில் எனக்கும் ஒரு வேடம் இருந்ததை வசதியாக மறந்திருக்கிறேன்.

"என்ன பாப்பா, எழுதட்டுமா?" என்றார் அத்தான்.

"எழுதுங்க" என்றேன்.

படம் ஓடியது. கதாநாயகன் கதாநாயகி வீட்டுக்குப் போன் செய்கிறான். அவள் எடுத்தால் பேசாமல் மூச்சு மட்டும் விடுகிறான். அத்தான் குனிந்து, "41-வது நிமிடம்: ஓயாமல் போன் செய்தல், பேசாதிருத்தல்" என்று எழுதிக்கொண்டிருந்தார். மகள் பின்னால் சாப்பாட்டு மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. நிறுத்தினாள். மறுபடி அடித்தது. நிறுத்தினாள். ஐந்தாவது முறை அத்தான் படத்தை நிறுத்தினார்.

"யாரு கண்ணு?"

"ராங் நம்பர்ப்பா."

"ராங் நம்பர் அஞ்சு தடவை அடிக்காது."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவர் தாளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கிளம்பப் போகும் வண்டியில் ஏதோ சத்தம் கேட்டால் இப்படித்தான் பார்ப்பார் என்று நினைக்கிறேன்.

"எத்தனை மாசமா?" என்றார்.

"நாலு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க கதை சொல்லுவீங்கப்பா."

அக்கா ஈரக் கையோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "வேலையை விடப் போறா. லெட்டர் எழுதி வச்சிருக்கா" என்றாள். "நான் கிளாஸை விட்டேன். இவ வேலையை விடறா."

அத்தான் திரும்பினார். "நீ கிளாஸை விட்டது..."

"ஹையர் பரீட்சைக்கு மூணு வாரம் இருந்துச்சு. பாஸ் பண்ணா கோர்ட்ல வேலைக்குச் சொல்றேன்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. காலையில செருப்பு மாட்டும்போதே தோணும், நீங்க கிளாஸ் வாசல்ல நிப்பீங்களேன்னு. போகாம இருந்தா விட்டுடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க வீட்டு வாசலுக்கே வந்துட்டீங்க."

"அப்புறம் சரின்னு சொன்னியே."

"யார் சொன்னா? தெருவே பேசுச்சு. அவனுக்கே குடுத்துடலாம்னு அப்பா சொன்னாரு. என்னை யாரும் கேக்கல. நீங்களும் கேக்கல." அவள் குரல் கடைசி வரை உயரவில்லை. "நீங்க நல்ல மனுஷன்தான். அது வேற, இது வேற."

எனக்குத் தாங்கவில்லை. "அக்கா, டைம் மாத்தினதைச் சொன்னது நான்தான்" என்றேன்.

"தெரியும். உன் பாவாடையைத் துவைச்சது யாரு? பாக்கெட் பூரா சாக்லேட் பேப்பர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். முப்பது வருடத்துக் குற்றம் அந்த ஒரு வரியில் முடிந்தது. கொஞ்சம் திட்டியிருக்கலாம்.

இரண்டு நாள் அத்தான் அந்தத் தாள்களைத் தொடவில்லை. வீட்டைக் காலையிலும் மாலையிலும் துடைத்தார். மூன்றாம் நாள் ஒரு வெற்றுச் சோதனைத் தாளை மகள் முன்னால் வைத்தார்.

"என்ன நடந்துச்சு, எந்தத் தேதி, எத்தனை மணி, எல்லாத்தையும் எழுது. குடுக்கணுமா வேண்டாமாங்கறது உன் இஷ்டம். நான் கூட வரணுமாங்கறதும் உன் இஷ்டம்தான்."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வாங்க. ஆனா எதுவும் பேசாதீங்க."

"சரி."

முப்பத்தொரு வரி எழுதினாள். அவனை எங்கள் தெருமுனையில் இரண்டு முறை நானே பார்த்திருந்ததால் உறுதி செய்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஆபீஸில் புகார் வாங்கும் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். "இவ்வளவு தெளிவா யாரும் எழுதிக் குடுத்ததில்ல" என்றார். அத்தான் முகம் ஒரு நொடி மலர்ந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அவளைக் கூட்டிவர நானும் அத்தானும் மறுபடி போனோம். கேட் அருகே அவன் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை. யாரோ வளர்த்த நல்ல பிள்ளை என்று சொல்லும்படியாக இருந்தான். அத்தானைப் பார்த்ததும் வேகமாக வந்து கும்பிட்டான்.

"சார், என்னை ஞாபகம் இருக்கா? ஃபேமிலி டேல நீங்க பேசினப்ப எழுந்து நின்னு கைதட்டினேனே."

அத்தான் பேசவில்லை.

"எல்லாரும் என்மேல கோவமா இருக்காங்க சார். உங்களுக்காவது புரியும். நீங்களே பதினொரு மாசம் நின்னிருக்கீங்க. எனக்கு நாலுதான் ஆச்சு."

அவன் முகத்தில் கிண்டல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்து வாத்தியார் முகத்தைப் பார்க்கும் மாணவன்போல நின்றான். அத்தானுடைய கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தேன். நரம்பு பார்ப்பது என் தொழில். அவர், அதற்குள் வெளியே வந்து நின்ற மகள் பக்கம் திரும்பினார். பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாரே. பேசுங்கள் என்பதுபோல அவள் தலையசைத்தாள்.

"தம்பி, அந்த வண்டியை ஓட்டினவனும் நான்தான், நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டவனும் நான்தான்" என்றார். "ரெண்டாவது கையெழுத்து வாங்கவே இல்ல. அந்தக் கதை செல்லாது. நான் உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன். இனிமே இவ இருக்கற பக்கம் வராதே."

அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. ஆபீஸ் அவனை வேறு கிளைக்கு மாற்றியது. மகள் ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். யாரும் அதைப் பொறுக்கி ஒட்டவில்லை.

நூற்றுப் பன்னிரண்டு படத்தில் தேறியது பதினாறு. அதில் ஆறு படத்தில் கதாநாயகன் நாய். ஒன்று முழுக்க அணை கட்டுவது பற்றியது. ஓட்டுநர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். பயணிகள் முன்போலவே தூங்கினார்கள்.

தாள்களையெல்லாம் ஒப்படைத்த அன்று, மிச்சமிருந்த ஒரு வெற்றுத் தாளை அத்தான் அக்காவிடம் கொடுத்தார். மேலே "பதினொரு மாசம்" என்று படத்தின் பெயர் எழுதும் இடத்தில் எழுதியிருந்தார்.

"நீ எழுது. நான் படிக்கறேன்."

அக்கா அதை வாங்கி மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தாள். "எழுதறேன். என்ன அவசரம்? ஒரு பதினொரு மாசம் டைம் குடுங்க" என்றாள்.

அதன்பிறகு ஒரு மூத்த ஓட்டுநருக்கு ஓய்வு விருந்து நடந்தது. குடும்பத்தோடு போயிருந்தோம். சாப்பாடு முடிந்து எல்லோரும் நாற்காலியை வட்டமாகப் போட்டதும் வழக்கம்போல யாரோ, "பதினொரு மாசம், நம்ம கதையை எடுத்து விடுங்க" என்றார். அத்தான் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"அதை நிறுத்தியாச்சு" என்றார். "ஓட்டற நிலையில இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள், இதுவும் கதையில் ஒரு பகுதி என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது. நான் அக்காவைத் தேடினேன். இந்த நேரத்தில் அவளுக்கு எங்கேயாவது ஒரு வேலை வந்திருக்க வேண்டும்.

அவள் ஒரு நாற்காலியை இழுத்து வட்டத்துக்குள் போட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நான் சொல்றேன்" என்றாள். "எனக்கு அப்ப இருபது வயசு. டைப்ரைட்டிங் கத்துக்கிட்டிருந்தேன். கீயைப் பார்க்காமலே நிமிஷத்துக்கு நாப்பத்தஞ்சு வார்த்தை அடிப்பேன்."

இந்த எண்ணை அத்தானும் அன்றைக்குத்தான் கேட்டார். டம்ளரை நகர்த்தி அவள் பக்கம் வைத்தார்.